வண்டி நிற்கும் இடம்

ஆனி மாதம் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்குச் சில நாள் முன்பே திருநெல்வேலி டவுன் ரதவீதிகளில் வேலை தொடங்கிவிடும். கடைகளுக்கு முன்னால் நீட்டியிருக்கும் தகரச் சாய்ப்புகளைக் கழற்றுவார்கள். குறுக்கே போகும் வயர்களை அவிழ்த்து ஓரம் கட்டுவார்கள். தேரன்று காலையில் நான்கு வீதியிலும் ஒரு மோட்டார் சைக்கிள்கூட நிற்காது. வீதியின் உண்மையான அகலம் அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். தமிழ்நாட்டின் மிகப்பெரிய தேர்களில் ஒன்று அது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க, அந்தத் தேர் திரும்பி வர வேண்டும் என்று அளந்து விட்ட வீதிகள் அவை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த சில நாளிலேயே அதே வீதியில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. வீதியை யாரும் சுருக்கவில்லை. இரண்டு ஓரத்திலும் வண்டிகள் நிற்கின்றன, அவ்வளவுதான்.

வண்டிகள் ஓடிய கதை நமக்கு நிறையத் தெரியும். எந்த ஆண்டில் ரயில் வந்தது, யார் பஸ் விட்டார், எந்தப் பாலம் எப்போது திறந்தது என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்த வண்டிகள் ஓடாத நேரத்தில் எங்கே நின்றன, அந்த இடம் யாருடையது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது அதிகம் எழுதப்படவில்லை. எனக்கு அந்தக் கதையோடு பிறந்ததிலிருந்து பழக்கம். அப்பா டவுனில் வாகையடி முக்குக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நெல்லை எப்படி மாறியது என்று என்னைக் கேட்டால், வண்டி நிற்கும் இடம் மாறியதைத்தான் முதலில் சொல்வேன்.

மாட்டு வண்டிக் காலத்தில் ஊருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று தாமிரபரணியை ஒட்டி வரும் பாதையில் நெல் வண்டிகள் இரவில்தான் கிளம்பும். அச்சுக்கு அடியில் அரிக்கேன் விளக்கு தொங்கும். மாட்டுக்குப் பாதை பழக்கம், வண்டிக்காரர் சாக்கு மேலே படுத்துத் தூங்குவார். 1885-இல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவித் தண்ணீரை நம்பி மில் தொடங்கியபோது, அந்தப் பள்ளத்தாக்குக்கு ரயில் கிடையாது. செங்கோட்டை வரைக்கும் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1903-இல். அதுவரை பஞ்சுப் பொதி போனதும் நூல் வந்ததும் வண்டிப் பாதையில்தான்.

இத்தனை வண்டியும் ஊருக்குள் வந்து நின்றால் வீதி தாங்காது. அதனால் ஊர் விளிம்பில் வண்டிப்பேட்டை வைத்தார்கள். மாட்டை அவிழ்த்துக் கட்ட முளை, தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் விற்பவர், லாடம் அடிப்பவர், பட்டை மாற்றும் ஆசாரி எல்லாம் அங்கேதான். சரக்கை இறக்கும் நேரம் மட்டும் வண்டி கடைவாசலுக்கு வரும், இறக்கியதும் பேட்டைக்குத் திரும்பும். நடந்து வருகிறவர்களுக்கும் இதேபோல் இடம் இருந்தது. வழியோரத்துக் கல்மண்டபங்களும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் இன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன.

பேட்டையில் வண்டி விட்டால் கட்டணம் உண்டு. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டமே வண்டிப்பேட்டை அமைக்கவும் அதற்குக் கட்டணம் வாங்கவும் நகராட்சிக்கு அதிகாரம் தந்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வண்டி நிறுத்தக் காசு கேட்டால், வெளிநாட்டுப் பழக்கத்தைக் கொண்டுவந்து திணிப்பதாக இன்று பலர் கோபப்படுகிறார்கள். நெல் மூட்டை ஏற்றி வந்த விவசாயி நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நின்ற இடத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

ஆற்றைக் கடப்பது இன்னொரு கதை. பாலம் வருவதற்கு முன் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து டவுனுக்கு வர வேண்டுமானால் கொக்கிரகுளத்தில் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. கலெக்டர் தாம்சன் காலத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார், பாலம் கட்ட ஊராரிடம் வசூல் செய்ய வேண்டாம் என்று தன் சொந்தப் பணத்தில் ஏறக்குறைய அரை லட்சம் ரூபாயை எடுத்துக் கொடுத்தார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. கேப்டன் ஹார்ஸ்லியின் வரைபடப்படி 1840-இல் தொடங்கி 1843 நவம்பரில் பாலம் திறந்தது. லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயல், 11 வளைவுகள், 760 அடி நீளம், 21 அடி சொச்சம் அகலம். இரண்டு மாட்டு வண்டி எதிரெதிரே தாராளமாகப் போகலாம். அந்த அகலம் நூறு வருஷத்துக்கும் மேலாக ஊருக்குப் போதுமானதாக இருந்தது. பின்னாளில் அகலப்படுத்தினார்கள். இப்போது பக்கத்திலேயே இன்னொரு பாலமும் வந்துவிட்டது.

1876-இல் மணியாச்சியிலிருந்து ரயில் வந்ததும் வீரராகவபுரம் ஜங்ஷனாக மாறியது. டவுனுக்கும் பாளைக்கும் நடுவில் மூன்றாவது ஊர் ஒன்று முளைத்தது. ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முதலில் வந்தவருக்கு முதல் சவாரி. 1923-இல் திருச்செந்தூர் வரை ரயில் போனபோது அந்த வரிசை இன்னும் நீண்டது. குதிரை வண்டி போய் சைக்கிள் ரிக்‌ஷா வந்தது, அதுவும் போய் ஆட்டோ வந்தது. வரிசையில் நிற்கும் வழக்கம் மட்டும் பல காலம் மாறாமல் இருந்தது.

பிறகு வந்தது சைக்கிள் காலம். என் பிள்ளைப் பருவம் முழுக்க அதுதான். அப்பா கடையில் ‘அவர் சைக்கிள்’, அதாவது மணிக்கணக்கு வாடகைக்கு சைக்கிள், எடுக்க வருகிறவர்களின் பெயர், தெரு, எடுத்த நேரம் எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறும். பெரிய வண்டி, முக்கால் வண்டி, பையன்களுக்கு அரை வண்டி. எட்டாத பையன்கள் பெரிய வண்டியையே எடுத்துக்கொண்டு குரங்குப் பெடல் போட்டுப் பழகுவார்கள். நகராட்சிக்கு வரி கட்டி வாங்கிய தகர வில்லை ஒவ்வொரு வண்டியிலும் தொங்க வேண்டும். இருட்டியபின் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். சைக்கிள்தானே என்று யாரும் இளக்காரமாக விட்டதில்லை.

அந்த சைக்கிள்களைக் கண்ட இடத்தில் விட முடியாது. ராயல், ரத்னா, பார்வதி, லட்சுமி என்று டவுனில் எந்தத் தியேட்டருக்குப் போனாலும் படத்துக்கு ஒரு டிக்கெட், சைக்கிளுக்கு ஒரு டிக்கெட். ஜங்ஷன் சென்ட்ரலிலும் அப்படித்தான். ஒரே எண் எழுதிய அட்டை இரண்டு இருக்கும். ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும், இன்னொன்று நம் சட்டைப்பையில். ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியே குடும்பத்தைக் காப்பாற்றினவர்கள் உண்டு. காலையில் வெளியூர் வேலைக்குப் போகிறவர் வண்டியை அங்கே போட்டுவிட்டு ரயில் ஏறுவார், ராத்திரி வந்து எடுப்பார். வீதியில் ஒரு வண்டியும் தேங்காது. “நிறுத்த எடம் குடுக்கவனுக்குக் காசு குடுத்தாத்தான் ரோடு ரோடா இருக்கும்” என்று அப்பா சொல்வார்.

அந்தக் காலத்து அரசாங்கம் சைக்கிளை எவ்வளவு மதித்தது என்பதற்கு ஜங்ஷனில் நிற்கும் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலமே சாட்சி. டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ரயில் பாதை குறுக்கிட்டு, கேட்டு அடைக்கும் போதெல்லாம் ஊரே நின்றது. அதற்குத் தீர்வாக 1973-இல் இந்தப் பாலத்தைத் திறந்தார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே, சைக்கிள் போன்ற சிறு வண்டிகள் கீழே என்று இரண்டு தளம். நாட்டிலேயே முதல் ஈரடுக்குச் சாலை மேம்பாலம் என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். எனக்கு அதில் உயரத்தைவிடப் பெரிய பெருமை வேறு. சைக்கிள் மிதிப்பவர் லாரிக்குப் பயப்படாமல் போகட்டும் என்று அவருக்காக ஒரு முழுத் தளத்தையே கட்டிக்கொடுத்த ஊர் இது. இன்று அந்தக் கீழ்த்தளத்தில் போவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள்.

பஸ்ஸுக்கும் நம் சீமைக்கும் பழைய உறவு உண்டு. 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார்தான் 1912-இல் பஸ் விட்டு, பிறகு டி.வி.எஸ். என்ற பெரிய நிறுவனத்தை வளர்த்தார். தனியார் பஸ்கள் பல காலம் ஓடி, அரசு பஸ்களை எடுத்து நடத்தத் தொடங்கியபின், 1974-இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. டவுன் பஸ் போகாத தெரு குறைவு என்ற நிலை அதன் பிறகுதான். ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறி, சந்திப்பிள்ளையார் முக்கில் இறங்கி, துணிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் நடந்தே பார்த்துவிட்டு, சாயங்காலம் கீழ ரதவீதியில் அல்வாவுக்கு வரிசையில் நின்றுவிட்டுப் பஸ் ஏறித் திரும்புவார்கள். டவுன் வியாபாரம் அத்தனையும் நடந்து வருகிறவர்களை நம்பி இருந்தது.

மாற்றம் எண்பதுகளில் தொடங்கியது. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டையை அதில் முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு போன சிறு வியாபாரிகளுக்கு அது பெரிய விடுதலை. அதை நான் குறைசொல்ல மாட்டேன். 1983 கடைசியில் மாருதி கார், அடுத்த இரண்டு வருஷத்துக்குள் ஜப்பான் கூட்டோடு நூறு சி.சி. மோட்டார் சைக்கிள்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு தவணை கிடைப்பது எளிதானதும் வீட்டுக்கு ஒன்று, பிறகு ஆளுக்கு ஒன்று. அப்பா கடையில் ‘அவர் சைக்கிள்’ எடுக்க ஆள் வருவது நின்றது. நோட்டு மூடியது. தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூட, ஸ்டாண்டுகளும் போயின.

அந்த நாட்களில் எங்கள் கண்ணுக்குப் படாமல் இன்னொன்றும் நடந்தது. சைக்கிளுக்குக் காசு கொடுத்து இடம் பிடித்த ஊர், அதைவிடப் பெரிய வண்டிக்கு வீதியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது பன்னிரண்டரை சதுர மீட்டர் இடம் வேண்டும். பத்து சைக்கிள் நிற்கும் இடம் அது. அதுவும் பெரும்பாலான நேரம் ஆளில்லாமல் சும்மா நிற்கிறது. அதே இடத்தில் தட்டுவைத்துப் பிச்சிப்பூ விற்கும் அம்மாளை ஆக்கிரமிப்பு என்று எழுப்புகிறோம். காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கும் காரை ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்வதில்லை.

கண்டக்டராக இருந்தவனுக்கு இதன் விலை நன்றாகத் தெரியும். ஸ்டாப்பில் வரிசையாக மோட்டார் சைக்கிள் நின்றால் டிரைவர் ஓரம் கட்ட முடியாது. நடுரோட்டில் பஸ் நிற்கும். வயதான அம்மாக்கள் வண்டிகளின் இடுக்கு வழியே நுழைந்து, பின்னால் வருகிற ஆட்டோவுக்குத் தப்பி, உயரமான படியில் ஏற வேண்டும். அவர்கள் காலை எடுத்து வைத்தபின் இரண்டு விசில் கொடுக்கும் வரை என் உயிர் என்னிடம் இருக்காது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அவர்கள் துணிந்து போகக் கதவு திறந்தது. அந்தக் கதவுக்கு முன்னால்தான் மற்றவர்களின் வண்டி நிற்கிறது.

வண்டி நிறுத்த இடம் தேடி ஊரே இடம் பெயர்ந்தது. 1924-இல் டவுனில் தொடங்கிய ஆரெம்கேவி போன்ற பெரிய ஜவுளிக்கடைக்குப் போக வேண்டுமானால் இன்று வண்ணாரப்பேட்டைக்குத்தான் போகிறோம். கார் நிறுத்த இடம், பைபாஸ் ரோடு, செல்லப்பாண்டியன் மேம்பாலம் என்று எல்லாம் அங்கே கூடிவிட்டன. நடந்து வாங்கிய ஊரின் நடுப்புள்ளி, ஓட்டி வந்து வாங்கும் ஊருக்கு நகர்ந்தது. ரதவீதிகளில் நெரிசல் மட்டும் குறையவில்லை.

பஸ்களுக்கே ஜங்ஷனில் இடம் போதாமல், 2003-இல் வேய்ந்தான்குளத்தில் புதிய பஸ் ஸ்டாண்டு திறந்தார்கள். குளத்து இடத்தில்தான் அது எழுந்தது. தாமிரபரணிக் கரையில் குளம் என்பது வெள்ளம் வந்தால் தண்ணீர் தங்குவதற்கு நம் முன்னோர் ஒதுக்கிய இடம். வண்டி நிற்கக் குளத்தை எடுத்தால் தண்ணீர் நிற்க வீதிக்கு வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷனைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து நின்றதைப் பார்த்தவர்கள் இதை மறக்க முடியாது. ஜங்ஷனில் பெரியார் பஸ் ஸ்டாண்டை 2018-இல் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இடித்தார்கள். மறுபடி பஸ் உள்ளே வந்தது 2024-இல். அதுவரை பயணிகள் ரோட்டோரத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றார்கள். இன்னொரு பக்கம் தென்காசிச் சாலையை நான்கு வழியாக்க, நிழல் கொடுத்து நின்ற மரங்கள் சாய்ந்தன. அகலமான அந்த ரோட்டில் சீக்கிரம் வந்து சேர்கிற காரும் கடைசியில் டவுனில் எங்கேயாவது நின்றாக வேண்டும். அந்த இடத்தைப் பற்றி யோசிக்காமல் பாதையை மட்டும் அகலமாக்கிக்கொண்டே போகிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. 1935-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை நட்டார்கள். கடைக்காரர்களும் ஊழியர்களும் காலையிலேயே வண்டியை விட்டுவிட, வாங்க வருகிறவருக்கு இடம் இல்லை என்பதே காரணம். ஜப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் கார் வாங்க முடியும். கலிபோர்னியாப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-இல் வெளியிட்ட பெரிய நூலில் ஒரு எளிய வழி சொன்னார். ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணம் வையுங்கள், வருகிற காசை அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவழியுங்கள் என்றார். சென்னையில் 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் கார் ஓடும் இடத்தைக் குறைத்து நடைபாதையை விரித்தார்கள். கடைகள் இருக்கின்றன, கூட்டமும் வருகிறது.

இதை நான் டவுனில் பேசும்போது ஒரு கடைக்காரத் தம்பி சொன்னார்: “அண்ணாச்சி, கடைக்கு முன்னால வண்டி விட எடமில்லன்னா ஏவாரம் படுத்திரும்லா?” அவர் பயம் நியாயமானது, அலட்சியப்படுத்தக் கூடாது. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: “காலைல பத்து மணிக்கு வந்து நிக்க வண்டில்லாம் ஆருது தம்பி?” பாதிக்கு மேல் கடைகளில் வேலை பார்க்கிறவர்களுடையதும் கடைக்காரர்களுடையதும்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த வண்டிகள் ஓரிடத்தில் ஒழுங்காக நின்றால், சாமான் வாங்க வருகிறவருக்கு வாசல் திறக்கும்.

செய்ய வேண்டியது புதிதாக எதுவும் இல்லை. வண்டிப்பேட்டையும் சைக்கிள் ஸ்டாண்டும் நமக்குக் கற்றுக்கொடுத்ததையே மறுபடி செய்தால் போதும். ரதவீதிகளுக்கு வெளியே வண்டி நிறுத்த இடம் வேண்டும். அதற்குக் கட்டணம் வேண்டும், நேரம் கூடக் கூடக் கட்டணமும் கூட வேண்டும். அங்கிருந்து ரதவீதிக்குச் சிறிய பஸ் ஓட வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், சரக்கு இறக்கும் வண்டிகளுக்கும் மட்டும் வாசலில் இடம் விட வேண்டும். பஸ் ஸ்டாப்பில் எந்த வண்டி நின்றாலும் அன்றைக்கே அபராதம் விழ வேண்டும். கட்டணத்தில் வரும் காசு அந்தந்த வீதியின் நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் போவதை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

மாநகராட்சிக்கும் காவல்துறைக்கும் என் வேண்டுகோள் இது: வடக்கு ரதவீதி ஒன்றிலாவது ஒரு வருஷம் இதைச் செய்து பாருங்கள். வாகனம் வைத்திருக்கும் என் ஊர்க்காரர்களுக்கு என் வேண்டுகோள்: டவுனுக்கு வரும்போது வண்டியைத் தள்ளி விட்டுவிட்டு நூறு அடி நடந்து வாருங்கள். வீதி வரி கட்டுகிற எல்லோருக்கும் சொந்தம். அதில் நிற்கும் உரிமை, முதலில் வந்தவருக்கு நாள் முழுக்க எழுதிக் கொடுத்தது இல்லை.